இருநூறு ரூபாயும் எல்லைக்கோடும்



மத்திய அரசின் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்படும் நாளில் வருமான வரி குறைந்ததா, தங்கம் விலை இறங்குமா என்றே நம்மில் பலர் கவனிக்கிறோம். ஆனால் ஒரு வீட்டார் யாரை நேசிக்கிறார்கள் என்பதை அவர்களுடைய செலவுக் கணக்கு காட்டிவிடும். நாட்டின் காரியமும் அப்படியே.

1995-இல் தேசிய சமூக உதவித் திட்டம் தொடங்கியபோது, வறிய முதியவருக்கு மத்திய அரசு மாதம் 75 ரூபாய் அளித்தது. 2007-க்குள் அது 200 ஆயிற்று. 2011-இல் தகுதி வயது 65-இலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டு, 80 வயது நிறைந்தோருக்கு 500 ரூபாய் என்றாயிற்று. மற்ற முதியோருக்கோ 2025-இலும் அதே 200 ரூபாய்தான்.

2025-26-ஆம் ஆண்டுத் திட்டத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கடனுக்கான வட்டி. உணவு மானியத்துக்கு 2 லட்சம் கோடிக்கு மேல் ஒதுக்கப்பட்டது. ஆகையால் ஏழைகள் அறவே மறக்கப்பட்டனர் என்பது நியாயமன்று. ஆயினும் முதியோர், விதவையர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான இந்த உதவித் திட்டத்துக்குக் கிடைத்தது 9,652 கோடி. அதாவது, ஆயிரம் ரூபாயில் இரண்டு ரூபாய்கூட இல்லை.

குறைவை மாநிலங்கள் நிரப்புகின்றன. தமிழ்நாடு 2023-இல் தொகையை 1,200 ரூபாயாகவும், கேரளம் 2025 நவம்பரில் 2,000 ரூபாயாகவும் உயர்த்தின. அந்தப் பாரம் இலேசானதல்ல. 2023-24-இல் கேரளத்தில் பல மாதத் தொகை நிலுவையில் நின்றது.

சாலைக் கம்போளத்தில் மூட்டை சுமந்தும் காய்கறி விற்றும் முதுமையடைந்த நம் ஜனங்களுக்கு இதில் தனி இடர் உண்டு. 2019-இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' ஏற்பாட்டினால், ஊரிலுள்ள அட்டைக்குரிய தானியத்தை இங்கேயும் வாங்கலாம். ஓய்வூதியமோ அவ்விதம் களியக்காவிளையைத் தாண்டுவதில்லை. ஒரு மாநிலம் கூட்டித் தருவது அங்கே குடியிருப்போருக்கே. நாடெங்கும் ஒன்றாயிருக்கும் பங்கு மத்திய அரசின் பங்கு ஒன்றே. அது 200 ரூபாயில் நிற்கும்வரை, இரு மாநிலங்களுக்கிடையே வாழும் முதியவரே அதிகம் இழக்கிறார்.

ஆதித் திருச்சபையிலும் அந்நிய பாஷை பேசிய விதவைகளே பந்தியில் விடுபட்டார்கள். அப்போஸ்தலர் அந்த முறையீட்டைத் தள்ளிவிடாமல், பொறுப்பாக ஏழு பேரை ஏற்படுத்தினார்கள்.

உங்கள் சபையில் அறுபது வயதைக் கடந்தோரின் பெயர்களை எழுதுங்கள். விண்ணப்பிக்காதவரை மாநகராட்சி அலுவலகத்துக்கும், ஓய்வூதியம் பெறுவோரை வருடாந்தர மஸ்டரிங்குக்காக அக்ஷயா மையத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். வாக்குக் கேட்டு வருவோரிடம் அந்த 200 ரூபாயைக் குறித்தும் கேளுங்கள்.