கிரிவலப் பாதையில் எட்டுக் கோள்கள்



வேங்கிக்காலிலிருந்து ஒரு பள்ளி மாணவி எழுதியிருக்கிறார்: "நவக்கிரகச் சந்நிதியில் ஒன்பது பேர். பாடப் புத்தகத்தில் எட்டுக் கோள். எது சரி?"

அதனதன் கணக்கில் இரண்டும் சரிதான். நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறிக்கொண்டே இருப்பவற்றை நம் முன்னோர் கிரகம் என்றார்கள். அதில் சூரியனும் சந்திரனும் உண்டு. அவ்விரண்டின் பாதைகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளான ராகுவும் கேதுவும் உண்டு. மீதமுள்ள புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தும் வெறும் கண்ணுக்கே தெரிபவை. பாடப் புத்தகமோ சூரியனைச் சுற்றுபவற்றை எண்ணுகிறது. ஆகவே பூமியும் சேர்கிறது. தொலைநோக்கியின் துணையால் 1781-இல் யுரேனஸும் 1846-இல் நெப்டியூனும் சேர்ந்தன. புளூட்டோ 2006-இல் குறுங்கோள் ஆகிவிட்டது.

இவை எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பது புத்தகப் படத்தில் பிடிபடாது. சூரியனிலிருந்து நெப்டியூன் வரையுள்ள தூரத்தை நம் திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையாகச் சுருக்குவோம். பாதையை நேராக நீட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். ராஜகோபுர வாசலில் சுமார் 4 மீட்டர் அகல உருண்டையாகச் சூரியன். 180 மீட்டரில் புதன், 340-இல் வெள்ளி, 465-இல் நம் பூமி, பெரிய நெல்லிக்காய் அளவில். 710 மீட்டரில் செவ்வாய். ஒரு கிலோமீட்டருக்குள் நான்கு கோள்கள் முடிந்துவிட்டன. பிறகுதான் நெடுநடை: வியாழனுக்கு 2.4 கி.மீ., சனிக்கு 4.4, யுரேனஸுக்கு 9, கடைசியில் நெப்டியூன். நிதானமாக நடந்தால் நான்கு மணி நேரம் ஆகும். சூரிய ஒளி நெப்டியூனைச் சேரவும் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. இந்தக் கணக்கில் உங்கள் நடைதான் ஒளியின் வேகம்!

யுரேனஸுக்கும் நம் பக்கத்து மலைக்கும் ஓர் உறவு உண்டு. 1977 மார்ச்சில் அந்தக் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கவிருந்தது. ஜவ்வாது மலைக் காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியுடன் காத்திருந்தார்கள். கோள் நெருங்குமுன்பே நட்சத்திரத்தின் ஒளி சில நொடிகள் மங்கியது. யுரேனஸின் புதிய நிலவு ஒன்று குறுக்கே வந்ததாக முதலில் கருதினார்கள். அதே இரவில் விமானத்தில் பறந்தபடி கவனித்த அமெரிக்கக் குழுவுக்கும் ஒளி பலமுறை மங்கித் தெரிந்தது. எல்லாப் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உறுதியானது. நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி இது: வானியல் நமக்குத் தூரத்து ஊர்க் கதை அல்ல.

பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளை ஒரு மாலை மொட்டை மாடிக்கோ ஏரிக்கரைக்கோ அழைத்துச் செல்லுங்கள். மின்னாமல் நிலையாக ஒளிர்வது பெரும்பாலும் கோளாகவே இருக்கும். பக்கத்தில் உள்ள நட்சத்திரங்களோடு அதை ஒரு தாளில் வரைந்து, தேதியும் நேரமும் குறிக்கச் சொல்லுங்கள். வாரம் ஒருமுறை வரைந்து வந்தால், நம் முன்னோர் கண்ட அந்த இடமாற்றத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். வரைந்ததை எங்களுக்கு அனுப்புங்கள், மகிழ்ச்சியோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்