பழைய பில்டை டெலீட் பண்ணுங்க

ஒரு புராஜெக்ட்டை க்ளோன் பண்றீங்க, ரீட்மீல இருக்கிற கமாண்டை அப்படியே காப்பி அடிச்சு ஓட்டுறீங்க. பில்ட் ஆயிடுச்சுன்னா சரி. அந்த பில்ட் ஃபைலுக்குள்ள என்ன இருக்குன்னு யாரு பாக்குறா? நானும் ரொம்ப நாள் பார்த்ததில்லை.

அதனால பில்ட் சிஸ்டம் மாத்துறது வெட்டி வேலைன்னு நமக்குத் தோணும். மாத்துறவங்களும் பாதியில நின்னுடுறாங்க. பழைய கமாண்டுக்குப் பழகினவங்க திட்டுவாங்கன்னு பயந்து, ரெண்டையும் வெச்சுக்கிறாங்க. இதுதான் தப்புன்னு சொல்றேன்.

எக்ஸ்இசட் கதை தெரியும்ல? 2024-ல வந்த 5.6.0, 5.6.1 ரெண்டுலயும் பேக்டோர். அதைக் கிளப்பிவிட்ட எம்4 ஃபைல் கிட்ல இல்லை, ரிலீஸ் டார்பால்ல மட்டும் இருந்துச்சு. அது ஆட்டோடூல்ஸ் பக்கம். சிமேக் பக்கம் இன்னொரு வேலை: சோதனைக் கோடுல ஒரே ஒரு புள்ளி. அது கம்பைல் ஆகாது, அதனால லேண்ட்லாக் பாதுகாப்பு சத்தமில்லாம ஆஃப். ஆக, புதுசுன்னா பத்திரம்னு அர்த்தமில்லை. ரெண்டு பில்ட் இருந்துச்சு, ரெண்டுலயும் கை வெச்சாங்க.

சிஸ்டம்டி 2017-ல மேசானுக்கு மாறுச்சு. அதே வருஷமே ஆட்டோடூல்ஸைத் தூக்கிட்டாங்க. கொஞ்சம் முரட்டுத்தனம்தான். ஆனா அதுக்கப்புறம் ரிவ்யூ பண்றவர் படிக்க வேண்டியது ஒரே ஒரு பில்ட்.