நெட்டைக் கோபுரம்

பெருந்துறையிலிருந்து கோயம்புத்தூரை நோக்கி நெடுஞ்சாலையில் செல்வோர், சிறிது நேரத்தில் விசயமங்கலத்தைக் கடந்து செல்வர். விரையும் ஊர்திகளில் அமர்ந்திருப்போர்க்கு அது பத்தோடு பதினோராவது ஊராகவே தோன்றும். சாலையை விட்டு விலகி உள்ளே சென்றால், பஸ்திபுரம் என்னும் பகுதியில் பழைய கோபுரம் ஒன்று நிமிர்ந்து நிற்பதைக் காணலாம். ஊரார் அதனை நெட்டைக் கோபுரம் என்பர். எட்டாம் தீர்த்தங்கரராகிய சந்திரப்பிரபருக்குச் சமணர் எடுத்த கோயில் அது. பஸ்தி என்பது சமணக் கோயிலைக் குறிக்கும் சொல். கோயிலின் வரலாறு அறியாதவரும் அச்சொல்லை ஊர்ப்பெயராக நாள்தோறும் வழங்கி வருகின்றனர்.

இக்கோயில் தனித்து நின்ற கட்டடம் அன்று. உதயணன் வரலாறு கூறும் பெருங்கதையைப் பாடிய கொங்குவேளிர் விசயமங்கலத்தவர் என்பர். அவர் வீட்டுப் பணிப்பெண்ணும் புலவர்களின் வினாக்களுக்கு விடையளித்தாள் என்று ஒரு செவிவழிச் செய்தியும் கொங்கு நாட்டில் உண்டு. அது நடந்ததோ இல்லையோ, தம் மண்ணில் தமிழ் எவ்வளவு ஆழ வேரோடியிருந்தது என்பதை ஊரார் சொல்லிக்கொண்ட முறை அது. கோயிலினுள்ளே தூண் ஒன்றில் மற்றொரு பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. சிரவணபெளகொளாவில் வானளாவிய கோமதேசுவரர் சிலையை நிறுவிய கங்க அமைச்சர் சாமுண்டராயரின் உடன்பிறந்தாள் புள்ளப்பை, இங்கு வந்து உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தாள் என்பதே அச்செய்தி. தமையனின் புகழை உலகம் அறியும். தங்கையின் முடிவைக் கூற இத்தூண் ஒன்றுதான் இருக்கிறது.

ஒரு காலத்தில் கொங்கு நாட்டில் தழைத்திருந்த சமணம் பின்னர் இப்பகுதியில் அருகிவிட்டது. ஆகவே சிலர் ஒரு வினா எழுப்புவர். வழிபடுவோர் அருகிய கோயிலுக்குப் பொருள் செலவிடுவானேன்? தறியும் ஆலையும் பெருகிவரும் நாட்டில், நிலம் ஒவ்வோர் அடியும் விலைபெறும் நாளில், பழங்கற்களைக் கட்டிக் காப்பதால் யாருக்கு உணவு கிடைக்கும்? இவ்வினாவை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. உழைத்து உண்ணும் மக்கள் கேட்கும் வினா இது.

இதற்கு விடை தேடும்போது, தொலைவிலுள்ள அங்கேரி நாட்டுச் சிற்றூர் ஒன்றையும் எண்ணிப் பார்த்தல் தகும். எகர் என்பது அவ்வூரின் பெயர். 1552-ஆம் ஆண்டில், தம்மினும் பன்மடங்கு பெரிய துருக்கியப் படையை எகர்க் கோட்டையினர் எதிர்த்து நின்று பின்வாங்கச் செய்தனர். அந்நாட்டார் அதனை இன்றும் பெருமையோடு பேசுவர். எனினும் 1596-இல் கோட்டை வீழ்ந்தது. 1687 வரை துருக்கியர் அங்கே ஆண்டனர். அவர்கள் கட்டிய பள்ளிவாசல் பிற்காலத்தில் மறைந்தது. அதன் தொழுகைக் கோபுரம் மட்டும் ஏறத்தாழ நாற்பது மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. நானூறு எருதுகளைப் பூட்டி இழுத்தும் அது சாயவில்லை என்று கதை கூறுவர். எருதுகள் தோற்றதனால் மட்டும் அக்கோபுரம் பிழைத்துவிடவில்லை. பின்வந்தோர் அதனைக் காக்க எண்ணியதனாலும் பிழைத்தது. பகைவர் எழுப்பிய கோபுரத்தையே ஓர் ஊர் தன் உடைமையாகக் கருதுமாயின், தம் மொழிக்குப் பெருங்காப்பியம் தந்த ஊரின் கோபுரத்தை விசயமங்கலத்தார் பிறர் பொருள் என்று எண்ணுவது எங்ஙனம்?

வழிபடுவோர் விட்டுச் சென்ற கட்டடத்துக்கு அவ்வூரே உரிமையாளர். காவற்பொறுப்பும் அவ்வூருக்கே உரியது. தொல்லியல் துறை இக்கோயிலைத் தன் காப்பில் வைத்துள்ளது நன்றே. ஆயினும் வேலியும் அறிவிப்புப் பலகையும் ஓர் எல்லை வரையில்தான் பயன்படும். சுவரில் பெயர் கீறும் சிறுவனை, துறையின் அலுவலர் வருவதற்கு முன்னே, எதிர்வீட்டுப் பாட்டியின் குரல் தடுத்துவிடும். அவருக்கு அச்சுவரின் பெருமை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

அன்பு மட்டும் இருந்து அறிவு இல்லாவிடினும் கேடு விளையும். நாட்டின் பல பழங்கோயில்களில், நற்செயல் என்று எண்ணிக் கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசியோரும் வண்ணம் தீட்டியோரும் உண்டு. முற்காலத்தார் சுண்ணச்சாந்தால் கட்டினர். அது சுவரிலுள்ள ஈரத்தை வெளியேற விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். உப்புப் பூத்துக் கல்லும் செங்கல்லும் உதிரும். இடிப்பவன் ஒருநாளில் செய்வதை, அறியாது புதுக்குபவன் சில ஆண்டுகளில் செய்து முடிக்கிறான்.

பெருந்துறை வட்டத்திலேயே நொய்யல் ஆற்றின் வடகரையில் கொடுமணல் உள்ளது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர் அதுவே என்பது அறிஞர் கருத்து. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் அங்கு அகழ்ந்தபோது, இரும்பை உருக்கிய உலைகளும், மணிகளைத் துளையிட்டுச் செய்த பட்டறைத் தடயங்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. தொழிற்பேட்டையால் இன்று பெயர் பெற்ற வட்டம், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தொழில் செய்தது. ஆலைக்கும் பழமைக்கும் பகை என்போர் இதனைக் கருதுவாராக. அங்குள்ள பானையோடு பலவற்றில் எழுதப்பட்டிருப்பவை ஆட்பெயர்களே. அரசர் பெயர்களாக அன்றி, உண்டும் உழைத்தும் வாழ்ந்தோர் தம் கலத்தில் பொறித்துக்கொண்ட பெயர்களாக அவை தோன்றுகின்றன.

பெருங்கதைக்கும் இக்கோயிலுக்கு நேர்ந்தது போன்ற நிலையே நேர்ந்தது. உ. வே. சாமிநாதையர் அதனை 1924-இல் பதிப்பித்தபோது ஏட்டில் முதலும் இல்லை, முடிவும் இல்லை. குறையுடைய நூல் என்று அவர் அதனை ஒதுக்கிவிடவில்லை. கிடைத்த பகுதியைப் பிழை நீக்கி அச்சேற்றினார். நெட்டைக் கோபுரத்தின் கீழுள்ள தூணிலும் எழுத்துகள் எஞ்சியுள்ளன. அவற்றின் படி ஒன்று, பொருள் விளங்கும் எளிய தமிழில், விசயமங்கலத்துப் பள்ளிச் சுவரில் தொங்கலாம். அதற்குப் பெருஞ்செலவு ஆகாது.