மின் ஒழுக்கும் அப்பா கட்டிய வீடும்

"மின் ஒழுக்கே தீ விபத்துக்குக் காரணமென ஆரம்பகட்ட விசாரணைகளில் தெரியவந்துள்ளது."

முப்பது ஆண்டுப் பத்திரிகை வாழ்வில் இந்த வசனத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன், பிறர் எழுதியதை எத்தனை தடவை திருத்தாமல் அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கடை எரிந்தாலும் மின் ஒழுக்கு, வீடு எரிந்தாலும் மின் ஒழுக்கு. அத்துடன் செய்தி முடிந்துவிடும். எது ஒழுகியது, எங்கே ஒழுகியது என்று ஒரு நிருபரையும் நான் கேட்டதில்லை. கலைப்பட்டதாரியான எனக்கு மின்சாரம் என்பது ஆளியை அழுத்தினால் வருவது, கட்டணம் செலுத்தாவிட்டால் நிற்பது. அவ்வளவுதான். கடந்த ஆண்டு எங்கள் சொந்த வீட்டின் முகட்டை அண்ணாந்து பார்க்க நேர்ந்தபோதுதான் அந்த வசனத்துக்குள் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் அப்பா 1964 இல் கட்டிய வீடு அது. இப்போது சின்னம்மா மட்டும் இருக்கிறார். ரொறன்ரோவிலிருந்து தம்பி குடும்பத்துடன் விடுமுறைக்கு வருவதாக அறிவித்தான். பிள்ளைகளுக்கு வெக்கை தாங்காது. ஆகவே இரண்டு அறைகளுக்குக் குளிரூட்டி, குளியலறைக்குச் சுடுநீர்க் கருவி. பணம் அனுப்பியாயிற்று, ஆளைப் பிடித்துப் பூட்டுவது என் பொறுப்பு.

வந்த மின்னியலாளர் ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். குளிரூட்டியை எங்கே மாட்டுவது என்று நான் சுவரைக் காட்ட, அவரோ ஏணியைக் கேட்டார். விறாந்தை விளக்கின் மரக்கட்டையைக் கழற்றி, உள்ளே கிடந்த வயரைக் காட்டி, "ஐயா, இதை ஒருக்கா ஊதிப் பாருங்கோ" என்றார். ஊதினேன். கறுப்புத் தூள் பறந்தது. எஞ்சியது வெறும் கம்பி.

வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி, அதன்மேல் ரப்பர், அதன்மேல் துணிப்பின்னல். பிளாஸ்ரிக் உறை பரவலாக வருமுன் போடப்பட்ட வயர் இப்படித்தான் இருக்கும். ரப்பர் இருபத்தைந்து முப்பது ஆண்டு தாங்கும் என்பார்கள். பிறகு காய்ந்து, வெடித்து, மாவாகும். அதிலும் ஓர் ஏமாற்று உண்டு. சுவரில் ஓடும் பகுதி பார்வைக்கு நன்றாகவே இருக்கும். மின்குமிழுக்கு மேலே, அறுபது ஆண்டு வெப்பம் பட்ட இடத்திலேதான் உதிர்ந்திருக்கும். கீழே நின்று பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் எவரையும் நம்பவேண்டாம்.

எங்கள் வீட்டின் வயருக்கு வரலாறும் உண்டு. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டில் மின்சாரம் நின்றது. 1995 ஒக்டோபரில் ஊரோடு இடம்பெயர்ந்தோம். அடுத்த ஆண்டு திரும்பியபோது கைக்கு எட்டிய கம்பிகளை யாரோ உருவியிருந்தார்கள், எட்டாதவை எஞ்சியிருந்தன. பின்னர் மின்சாரம் வந்ததும் எஞ்சிய பழைய ரப்பர் வயரோடு புதிய பிளாஸ்ரிக் வயரை முறுக்கி, நாடா சுற்றி இணைத்தார்கள். அப்படி ஒன்பது முறுக்குகளை மின்னியலாளர் கண்டுபிடித்தார். இரண்டில் நாடா கருகியிருந்தது.

பிரதான பெட்டியில் வெள்ளைப் பீங்கான் உருகிகள். உயிர்க்கம்பிக்கும் ஒன்று, நொதுமற்கம்பிக்கும் ஒன்று. அக்காலத்து முறை அது. நொதுமற்பக்க உருகி மட்டும் எரிந்தால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் உயிர்க்கம்பியில் மின்சாரம் அப்படியே நிற்கும். அணைந்துவிட்டதே என்று கைவைப்பவரின் கதி என்ன? போதாக்குறைக்கு, ஐந்து அம்பியரில் உருகவேண்டிய மெல்லிய கம்பிக்குப் பதிலாகத் தடித்த செப்பிழையை யாரோ சுற்றியிருந்தார்கள். எரியாத உருகி காவல் காக்காத நாய். நிலத்தொடுப்புக் கம்பி கிணற்றடி இரும்புக் குழாயில் கட்டப்பட்டிருந்தது. குழாயைப் பிளாஸ்ரிக்காக மாற்றிய ஆண்டிலிருந்து அது எதிலும் தொடுக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

கடைசியாக, எல்லாக் கருவிகளையும் கழற்றிவிட்டு, 500 வோல்ற் கொடுத்து உறையின் தடையை அளக்கும் மெகர் கருவியை வைத்தார். ஒரு மெகா ஓமுக்குக் குறையக்கூடாதாம். அடுப்படி வழியில் முள் பூச்சியத்தை விட்டு எழும்பவே இல்லை.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். எதிர்பார்த்த கேள்வியே வந்தது: "அண்ணை, இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கேல்லையே?"

பழைய வீடு வைத்திருக்கும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. இதற்குப் பதில் வயரில் இல்லை, சின்னம்மாவிடம் இருக்கிறது. அவர் எரிப்பது நான்கு மின்குமிழ்கள், ஒரு வானொலி, ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி. 60 வாற் குமிழ் 230 வோல்ற்றில் கால் அம்பியரைச் சற்றே தாண்டும். தம்பி கேட்ட சுடுநீர்க் கருவியோ 3,500 வாற். அது ஒன்றே பதினைந்து அம்பியர் இழுக்கும். மின்னோட்டம் மும்மடங்கானால் வயரில் எழும் வெப்பம் மும்மடங்கல்ல, ஒன்பது மடங்கு. அந்த வீட்டை இத்தனை காலமும் எரியாமல் காத்தது ஒரு விதவையின் சிக்கனம். அதைத்தான் நாங்கள் விடுமுறைக்காக ஒரே நாளில் அழிக்கவிருந்தோம்.

"ட்ரிப் சுவிச் ஒன்றைப் பூட்டினால் போதாதா?" என்பது அடுத்த கேள்வி. அது ஏற்கெனவே இருந்தது! மாரிகாலத்தில் ஓயாமல் விழுகிறது என்று யாரோ ஒரு துண்டு வயரால் அதைத் தாண்டி இணைப்புக் கொடுத்திருந்தார்கள். ஈரம் ஏறிய சுவரில் உண்மையாகவே மின் ஒழுகுகிறது என்று கத்திக்கொண்டிருந்த ஒரே சாட்சியின் வாயை அடைத்துவிட்டார்கள். போகும் மின்னோட்டத்துக்கும் திரும்பும் மின்னோட்டத்துக்கும் 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் துண்டிப்பது அதன் வேலை. உயிரைக் காக்க அது கட்டாயம் வேண்டும். ஆனால் தளர்ந்த முறுக்கில் ஏறும் சூட்டையோ, அளவுக்கு மிஞ்சிய சுமையையோ அது காணாது.

புலம்பெயர்ந்த உறவுகளிடம் ஒன்றைச் சொல்லவேண்டும். குற்றஞ்சாட்டுவதற்கல்ல, ஏனெனில் நானும் அதையே செய்தேன். 2010 இல் அந்த வீட்டுக்கு நான் அனுப்பிய பணம் பூச்சுக்கும் வாசற் கதவுக்கும் போனது. படத்தில் தெரிவதற்குச் செலவழித்தோம். நீங்கள் வந்து நிற்பது மூன்று வாரம். மிகுதி நாட்களில் அந்தச் சுவர்களுக்குள் படுத்தெழும்புவது ஒரு முதியவர் அல்லது வாடகைக்காரர். முழுவதையும் மாற்றப் பணமில்லையென்றால் ரப்பர் வழிகளை அடியோடு துண்டித்துவிட்டு, இரண்டு அறைக்கும் அடுப்படிக்கும் மட்டும் புதிய வயர், சரியான நிலத்தொடுப்பு, ட்ரிப் சுவிச் போடுங்கள். பழையதோடு புதியதை முறுக்கவேண்டாம். குளிரூட்டி அடுத்த முறைக்கு நிற்கட்டும்.

தம்பி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் "அந்தக் காசிலை வயரிங்கைச் செய்யுங்கோ" என்று செய்தி அனுப்பினான். வந்தபோது பிள்ளைகள் மின்விசிறிக்குக் கீழே படுத்தார்கள்.

வேலை நடந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். சின்னம்மா குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார். ஏனென்று கேட்டேன். "அது கொஞ்சம் கடிக்கும், மோனை" என்றார். எவ்வளவு காலமாக? ஐந்தாறு வருடமாம். இரண்டு முளைச் செருகி, நிலத்தொடுப்பு இல்லை, உடலெங்கும் ஒழுக்கு. எங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "உங்களுக்கு ஏன் வீண் செலவு" என்றார்.

இப்போது அது கடிப்பதில்லை. சென்ற மாதம் போனபோதும் தலைப்பைச் சுற்றிக்கொண்டுதான் திறந்தார்.