ஓடாத வண்டிக்கும் மார்க் உண்டு!

என்ஜினீயரிங் கல்லூரியில் படிக்கும் பிள்ளையோ பெண்ணோ உங்கள் வீட்டில் உண்டா? அப்படியானால் இந்த வாரப் பேச்சு உங்களுக்குத்தான். அதிலும், கையெல்லாம் கிரீஸோடு ராத்திரி பத்து மணிக்கு வந்து நின்று, "அம்மா, நாங்கள் ஒரு ரேஸ் கார் செய்கிறோம்!" என்று சொல்கிற குழந்தையாக இருந்தால், படித்துவிட்டு அவசியம் அதனிடமும் கொடுங்கள்.

மாணவர்கள் தாங்களே ஒரு சின்னப் பந்தயக் காரைத் திட்டமிட்டு, செய்து, ஓட்டிக் காட்டும் போட்டி ஒன்று இருக்கிறது. 1981-ல் அமெரிக்காவில், டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் 'ஃபார்முலா எஸ்.ஏ.ஈ.' என்ற பெயரில் அது நடந்தது. பிறகு பல தேசங்களுக்கும் பரவிவிட்டது. நம் கோயம்புத்தூரை அடுத்த கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் 'ஃபார்முலா பாரத்' என்ற பெயரில் இந்த வகைப் போட்டி நடந்திருக்கிறது.

வேகமாக ஓடுகிற காருக்குத்தான் பரிசு என்று நினைத்துவிடாதீர்கள். மொத்த மார்க் 1,000. அதில் 325 மார்க், சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றாமலே கிடைப்பது! வண்டியை ஏன் இப்படி அமைத்தோம் என்று விளக்குவதற்கு 150. செலவுக் கணக்குக்கு 100. இதை ஒரு தொழிலாக நடத்த முடியும் என்று எடுத்துச் சொல்வதற்கு 75. செய்தால் மட்டும் போதாது, செய்ததைச் சொல்லவும் தெரிய வேண்டும் என்பதுதானே இதன் பொருள்? அப்படிச் சொல்லிப் பழகுவதற்கு நல்ல இடம், அந்தக் குழுவின் இணையதளம்.

ஆனால் சில குழுக்களின் தளத்தைத் திறந்தால் என்ன காண்கிறோம்? கார் படம் சுழல்கிறது, புகை கிளம்புகிறது, 'எல்லைகளைத் தாண்டுவோம்' என்று ஒரு கோஷம் மின்னுகிறது. எந்த ஊர், எந்தக் கல்லூரி, யாரோடு பேசுவது? அதை மட்டும் காணோம். கல்யாணப் பத்திரிகைக்குத் தங்க ஜரிகையெல்லாம் வைத்துவிட்டு, முகூர்த்த நேரத்தை அச்சடிக்க மறந்த கதைதான்!

இந்தத் தளத்தைத் தேடி வருகிறவர்கள் மூன்று பேர். அவர்களை மனத்தில் வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

முதலாமவர், பண உதவி செய்யக்கூடிய கம்பெனிக்காரர். வேலைக்கு நடுவே செல்போனில் பார்க்கிறார். படங்களைச் சுருக்கிப் போடாவிட்டால் பக்கம் திறப்பதற்குள் அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நீங்கள் யார், போன வருஷம் என்ன செய்தீர்கள், இந்த வருஷம் என்ன தேவை என்பதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். 'ஆதரவு தாரீர்' என்று பொதுவாகக் கேட்பதைவிட, 'நான்கு டயருக்கு இவ்வளவு, அலுமினியத் தகட்டுக்கு இவ்வளவு' என்று கேட்பது மேல்.

இரண்டாமவர், குழுவில் சேர ஆசைப்படும் முதல் வருஷத்துப் பெண். அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கும் அவள் தாயார். பட்டறை எங்கே இருக்கிறது? மேற்பார்வை பார்க்கும் பேராசிரியர் யார்? வெல்டிங் செய்யும்போது கண்ணுக்கும் கைக்கும் என்ன பாதுகாப்பு? படத்தில் பெண்கள் ஸ்பானர் பிடித்து வேலை செய்கிறார்களா, அல்லது பூங்கொத்து கொடுக்கும்போது மட்டும்தான் நிற்கிறார்களா? இவற்றுக்குப் பதில் இருந்தால் அந்தத் தாயார் சரி என்பார். ஒரு ஜாக்கிரதை: யாருடைய சொந்த டெலிபோன் நம்பரையும் தளத்தில் போடக் கூடாது, குழுவுக்கென்று பொதுவான மின்னஞ்சல் முகவரி போதும். சம்மதம் கேட்காமல் யார் படத்தையும் போடுவதும் தப்பு.

மூன்றாமவர்தான் முக்கியமானவர், அடுத்த வருஷத்து மாணவர். பழைய வண்டிக்கே பெயின்ட் அடித்து ஆண்டுதோறும் ஓட்ட விதிகள் இடங்கொடுப்பதில்லை. புதிதாகச் செய்ய வேண்டும். செய்கிற பிள்ளைகளோ நான்கு வருஷத்தில் படிப்பை முடித்துப் பறந்துவிடுவார்கள். ஏறக்குறைய 22 கிலோமீட்டர் நீளும் ஓட்டத்தில் கார் பாதியில் நின்றுபோயிற்றா? வெட்கப்படாமல் எழுதுங்கள்: எந்த இடத்தில் விரிசல் விட்டது, ஏன் விட்டது, எப்படிச் சரிசெய்தோம் என்று. எழுதாவிட்டால் அதே பாடத்தைத் தம்பி தங்கைகள் மறுபடியும் காசு கொடுத்துப் படிக்க வேண்டும். பாட்டியின் எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் பக்குவம் எழுதிவைக்காமல் பாட்டியோடு போனது எத்தனை வீடுகளில்!

தளத்தின் பாஸ்வேர்டும் அப்படித்தான். அது ஒரே ஒரு கடைசி வருஷத்து மாணவனிடம் இருந்து, அவன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டால், வீட்டைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோன மாதிரிதான். தளத்தின் பெயருக்கு உரிய காலத்தில் பணம் கட்டாவிட்டால் பெயரும் கைவிட்டுப் போகும். ஆகவே பேராசிரியர் ஒருவரிடமும் இளைய மாணவர் இருவரிடமும் அந்தச் சாவி இருக்கட்டும்.

இதற்கெல்லாம் ஐந்தாறு பக்கமுள்ள எளிய தளம் போதும். அலங்காரம் அப்புறம் வரட்டும். எழுதியதை முதலில் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். "எனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும்?" என்று ஒதுங்காதீர்கள், தெரியாது என்பதுதான் இங்கே உங்கள் தகுதி! நீங்களே என்ஜினீயர் என்றால், பக்கத்து வீட்டு மாமியைக் கூப்பிடுங்கள். ஒரு தடவை படித்ததும், இவர்கள் யார், என்ன செய்கிறார்கள், என்ன வேண்டும் என்று மாமி திருப்பிச் சொல்லிவிட்டால் தளம் தேறிவிட்டது. சொல்ல முடியாவிட்டால் குறை மாமியிடம் இல்லை. உட்கார்ந்து மறுபடியும் எழுத வேண்டியதுதான்.