ஆய்வுக்கூடத்தின் வாயில்

தமிழாசிரியர்க்கு அறிவியல் வகுப்பறையில் என்ன வேலை என்று வினவுவோர் உளர். வினவுவது முறையே. ஆயினும் தமிழ்த்துறை மலரிலேயே இதனை எழுத நேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. ஆண்டுதோறும் நம் இளங்கலைத் தமிழ் வகுப்பில் சேரும் மாணவருள் பார்வையற்றோர் ஒருவரேனும் இருவரேனும் இருப்பர். அவர்தம் நினைவாற்றலையும் செவிக்கூர்மையையும் யாப்பிலக்கண வகுப்பில் கண்டு நாம் பெருமிதம் கொண்டதுண்டு. சென்ற ஆண்டு அவர்களுள் ஒருவரிடம், "தமிழை ஏன் தேர்ந்தெடுத்தீர்?" என்று கேட்டோம். மொழிப்பற்று என்னும் விடையை எதிர்பார்த்தே கேட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. "பத்தாவதில் எனக்கு அறிவியல்தான் ஐயா பிடித்த பாடம். பதினொன்றில் அந்தப் பிரிவு உனக்குச் சரிவராது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்" என்றார் அவர். குறையாகவும் சொல்லவில்லை, மழை பெய்தது என்பதுபோல் சொன்னார்.

நம் துறைக்கு விரும்பி வந்தோர் எத்தனை பேர், வேறு கதவு திறவாமையால் வந்தோர் எத்தனை பேர் என்னும் கணக்கு அன்று முதல் நம்மை உறுத்தி வருகின்றது. பிற துறைகள் மறுத்தவர்க்குப் புகலிடமாய் இருப்பதைத் தமிழின் பெருமையாகக் கொள்ள நம்மால் இயலவில்லை.

கதவு எங்கே அடைபடுகின்றது? தமிழகத்தில் பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு எழுத்துத் தேர்வில் 75, செய்முறையில் 25 என மதிப்பெண்கள் வகுக்கப்பட்டுள்ளன. பார்வையற்ற மாணவர்க்குச் செய்முறைத் தேர்விலிருந்து விலக்களிக்கும் சலுகை உண்டு. இரக்கத்தால் அளிக்கப்படுவது அது. உண்மையிலேயே வேண்டுவோர்க்கு அது இருக்கவும் வேண்டும். ஆனால் நடப்பது என்ன? தேர்வில் விலக்கு என்றவுடன் ஆண்டு முழுதும் ஆய்வுக்கூடத்திலிருந்தே விலக்கு என்றாகிவிடுகின்றது. ஏனையோர் ஆய்வுக்கூடம் செல்ல, அம்மாணவர் வகுப்பறையில் தனித்து அமர்ந்திருப்பார். குடுவையை ஒருமுறையேனும் தொட்டறியாதவரிடம், "உமக்குச் செய்முறை அனுபவம் இல்லையே" என்று பதினொன்றாம் வகுப்பில் காரணம் கூறுகின்றோம். பூட்டியவரும் நாம், சாவி இல்லை என்று குறை சொல்பவரும் நாம்.

இது நம் மாவட்டத்துக்கு மட்டும் உரிய நிலையன்று. தலைநகர் தில்லியில் கார்த்திக் சாஹ்னி என்னும் பார்வையற்ற மாணவர் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பயில, மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தோடு மாதக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 2013ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் அவர் 95 விழுக்காட்டுக்கு மேல் பெற்றார். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வை எழுத அவர் வேண்டிய வசதிகளோ கிடைக்கவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் முழு உதவித்தொகையுடன் அவரை ஏற்றுக்கொண்டது. தில்லியில், ஆங்கிலமும் கணினியும் கைவரப்பெற்ற ஒருவர்க்கே இத்துணைப் பாடு எனின், குடவாசல் வட்டத்துச் சிற்றூரிலிருந்து பேருந்தேறி வரும் பிள்ளை யாரோடு போராடும்?

கண்ணின்றி அறிவியல் இயலுமா என்பார்க்கு, கீராட் வெர்மே என்னும் அறிஞரைக் காட்டலாம். 1946இல் நெதர்லாந்தில் பிறந்து, மூன்று வயதில் பார்வையை முற்றிலும் இழந்தவர் அவர். கடற்சிப்பிகளையும் சங்குகளையும் விரல்களால் தடவியே ஆராய்ந்து, அவற்றின் பரிணாம வரலாற்றில் உலகு மதிக்கும் உயிரியலாளர் ஆனார். ஓட்டின் மேலுள்ள வடுக்களைத் தடவி, நண்டு உடைக்க முயன்ற வரலாற்றை அவர் படித்தறிந்தார். அணுக்கொள்கை தந்த ஜான் டால்டன் நிறக்குருடு உடையவர். தம் குறையையே ஆய்ந்து 1794இல் கட்டுரை படித்தார். நம் பள்ளிகளில் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது சுடரின் செங்கல் சிவப்பையும் இளம்பச்சையையும் பிரித்தறியாத சிறுவனை, "கவனம் இல்லை" என்று கடிந்து கொள்கின்றோம். அக்குறை ஆண்களிடையே அரிதன்று என்பதை எத்தனை ஆசிரியர் எண்ணிப் பார்த்திருப்பர்?

இனி, கண்ணுடையோர் நிலை மட்டும் என்ன வாழ்கின்றது? நாம் பயின்ற பள்ளியில் ஆய்வு மேசையைச் சுற்றி முன்வரிசை மாணவர் நால்வர் நிற்பர். ஆசிரியர் செய்து காட்டுவார். பின்னே நின்ற நாற்பது பேரும் அவர்தம் முதுகைக் கண்டோம். சோதனை, உற்றுநோக்கல், அறிவன என்று மூன்று கட்டம் வரைந்து, உற்றுநோக்காததையெல்லாம் உற்றுநோக்கியதாக எழுதிக் கையொப்பம் பெற்றோம். நாம் பியூரெட்டின் திருகைத் தொட்ட நாள், தேர்வு நாள் ஒன்றே. அன்றும் அது ஒழுகியது.

அப்பின்வரிசையில் நின்றோர் பலர் வயல்வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைகள். சம்பாவுக்கு விதை தேர்ந்தெடுக்கும் முறையை அவர்கள் அறிவர். நீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே வருவர். அடியில் கிடந்த கோழிமுட்டை மேலெழுந்து மிதக்கும் பதத்தில் நிறுத்துவர். அந்நீரில் விதைநெல்லைக் கொட்டினால் பதரும் பொக்கும் மிதக்க, திரண்ட மணிகள் தங்கும். தங்கியவற்றை நல்ல நீரில் அலசி எடுப்பர். அடர்த்தி, மிதப்பு விசை ஆகிய இரண்டு பாடமும் அவ்வொரு வாளியில் உள்ளன. ஆயினும் வகுப்பில் அடர்த்தி என்றதும் கரும்பலகையில் சூத்திரம் எழுதப்படுமேயன்றி, "உங்கள் வீட்டில் விதை எப்படித் தேர்கின்றீர்கள்?" என்று எவரும் அப்பிள்ளைகளைக் கேட்டதில்லை. ஒருமுறை கேட்டிருந்தால் அன்றைய வகுப்புக்கு ஆசிரியர் அவர்களாகவே இருந்திருப்பர்.

எல்லோர் கையிலும் கருவி என்பது கனவன்று. மத்தியப் பிரதேசத்தில், இன்று நர்மதாபுரம் என வழங்கும் ஓசங்காபாத் மாவட்டத்தில், 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கிற்று. நால்வர் நால்வராய்ப் பிரிந்து மாணவரே சோதனை செய்தனர். தேர்வுக்குப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லலாம். பின்னர் அம்மாவட்டத்து நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் அது விரிந்தது. முப்பது ஆண்டு நடந்ததனை 2002இல் அம்மாநில அரசு நிறுத்திவிட்டது. நிறுத்தப்பட்டமையால் தோற்றது என்று கொள்ளலாகாது. சிற்றூர்ப் பள்ளியில் இயலாது என்னும் வாதம் அம்முப்பது ஆண்டிலேயே பொய்த்துவிட்டது.

ஐம்பது மாணவரை வைத்துக்கொண்டு அமிலத்தோடு விளையாட முடியுமா என்று அறிவியல் ஆசிரியர் கேட்பது நம் செவியில் விழாமலில்லை. அவ்வச்சம் நியாயமானதே. பார்வையற்ற மாணவர் அமிலத்தைத் தாமே ஊற்றவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உடனிருக்கும் தோழர் ஊற்றட்டும். எதை, எப்போது, எவ்வளவு என்று கட்டளையிடுபவர் அவராக இருக்கட்டும். முடிவை உரைப்பவரும் அவராக இருக்கட்டும். அவரவர் தேவைக்கேற்ற வசதிகளைக் கல்விநிலையங்கள் செய்து தரவேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் கூறுகின்றது.

நம் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். கடல் கடந்து உழைத்து ஈட்டிய பொருளை ஊர்ப்பள்ளிக்கு மனமுவந்து ஈவோர் நம்மிடையே பலர். அது பெரும்பாலும் நுழைவு வளைவாகவும் கல்வெட்டாகவும் எழுகின்றது. வளைவு அழகானதுதான். அதன் கீழே சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லை, ஆய்வுக்கூடமோ மாடியில். அடுத்த கொடைக்கு முன், பள்ளியின் அறிவியல் ஆசிரியரை ஒருமுறை கலந்து பேசுதல் நலம்.

இம்மலருக்குக் கட்டுரை கேட்டபோது, வேதியியல் துறை நண்பர் ஒருவரை அணுகி, நம் மாணவர்க்கு ஒரு பிற்பகல் தரவேண்டினோம். நண்பர் நறுக்கிய வெங்காயத்தோடு துணித்துண்டுகளை ஓரிரவு மூடிவைத்திருந்தார். ஒன்றில் நீர்த்த அமிலமும் மற்றொன்றில் நீர்த்த காரமும் சில துளி விட்டு, இரண்டையும் நீரில் அலசி மாணவரிடம் நீட்டினார். காரம் பட்ட துணியில் வெங்காய மணம் நீங்கிவிடும். அமிலம் பட்டதில் நிற்கும். மத்திய அரசின் பத்தாம் வகுப்புப் பாடநூலிலேயே உள்ள சோதனை இது. மாணவர் இரண்டையும் முகர்ந்தார். மீண்டும் முகர்ந்தார். "இது காரம் ஐயா" என்று இடக்கைத் துணியை உயர்த்தினார். சரியாகவே சொன்னார். பிறகு நம் பக்கம் திரும்பி, "இதை ஏன் ஐயா பத்தாவதில் எனக்குத் தரவில்லை?" என்றார். நண்பர் நம்மை நோக்கினார். நாம் மேசையை நோக்கினோம்.