ஒழுங்குமுறைத் தாக்க மதிப்பீடும் நீலகிரி இ-பாஸும்

ஒழுங்குமுறைத் தாக்க மதிப்பீடு என்பது, விதியொன்றை இயற்றுமுன் அதன் செலவு, பயன், மாற்று வழிகள் ஆகியவற்றை ஆய்ந்து வெளியிடும் முறை ஆகும். இந்தியாவில் இது கட்டாயமன்று. நடுவண் அரசின் 2014 ஆம் ஆண்டுக் கலந்தாய்வுக் கொள்கை, சட்ட முன்வரைவை அதன் தாக்கம் குறித்த விளக்கத்துடன் குறைந்தது 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கக் கோருகின்றது.

நீலகிரியில் வரிசை மாறியது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி (சட்டமன்றம் இயற்றிய விதியன்று) 2024 மே 7 முதல் உதகை செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. மலை எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்னும் ஆய்வு சென்னை ஐஐடி, பெங்களூர் ஐஐஎம் ஆகியவற்றிடம் கோரப்பட்டது. அது முடியுமுன்னரே, 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 6,000, வார இறுதியில் 8,000 என வரம்பு விதிக்கப்பட்டது. கோடைக்கால நெரிசலை மறுக்க இயலாது. ஆனால் விடுதிப் பணியாளரும் வாடகை வண்டி ஓட்டுநரும் இழக்கும் வருமானம் எவ்வெண்ணிலும் சேரவில்லை. ஏப்ரல் 2 அன்று வணிகர்கள் கடையடைப்பு நடத்தினர்.